கிணறுகளுக்குக் குளிர் கண்ட வருஷம்

ஐப்பசி மழை ஓய்ந்து, ஆலாத்திட்டுத் தீவின் மணல்மேடுகள் நனைந்த பூனைகளைப்போல ஒடுங்கிக் கிடந்த ஒரு கார்த்திகைப் பகலில், செபஸ்தியார் கோயில் பெரிய கிணறு நடுங்கத் தொடங்கியபோது, கஸ்பாரின் மனைவி தெக்லா அதில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கையிலிருந்த கயிறு நடுங்கியது, பிறகு உருளை கடகடவென்று அடித்துக்கொண்டது, அதன்பின் விளிம்பில் நிரப்பி வைத்திருந்த குடம் தானாக நகர்ந்து நகர்ந்து மணலில் விழுந்து உருண்டது, கடைசியில் யாரோ எந்தக் காலத்திலோ பவளக்கல்லை அறுத்துக் கட்டிய அந்தத் தடித்த சுவரே, குளிரில் பல் அடித்துக்கொள்கிற மனிதனின் தாடைபோல ஆடத் தொடங்கியது.

பூமி அதிர்கிறது என்று யாரும் ஓடவில்லை, ஏனென்றால் பூமி அசையாமல்தான் இருந்தது. கோயில் முற்றத்தில் காய்ந்த கருவாட்டில் ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. வேலியில் உட்கார்ந்திருந்த காகம் கழுத்தைச் சாய்த்துக் கிணற்றைப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. தெக்லா கயிற்றைத் தூணில் கட்டினாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், படுத்திருப்பவரின் நெற்றியில் வைப்பதுபோலக் கிணற்றுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுக்குக் குளிர் காய்ச்சல்" என்றாள்.

"கிணத்துக்கா?" என்றாள் பக்கத்துவீட்டு மதலேனாள்.

"கிணத்துக்குத்தான். எனக்குத் தெரியாதா இந்த நடுக்கம்?"

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆலாத்திட்டில் அந்த நடுக்கத்தைத் தெக்லாவைவிட அறிந்தவர்கள் இல்லை. "அப்போ கஞ்சி ஊத்தலாமா, கூடாதா?" என்று மட்டும் மதலேனாள் கேட்டாள், அதைப்பற்றிப் பெண்கள் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். அதற்குள் நடுக்கம் நின்று கிணறு சூடேறியது, உள்ளிருந்து ஆவி எழுந்தது, வெளிச்சுவரில் கைவைக்க முடியவில்லை. பொழுது சாயும்போது அந்தச் சூடும் இறங்கி, பவளக்கல்லின் ஒவ்வொரு துளையிலிருந்தும் வியர்வை முத்து முத்தாக அரும்பியது, ஆடுகள் வந்து அதை நக்கிவிட்டு உப்பு போதுமென்று திரும்பிப் போயின.

மறுநாள் கிணறு தெளிவாக இருந்தது. அதற்கு மறுநாள், அதே பகல் பொழுதில், மறுபடியும் நடுங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதால்தானே அதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். கிணற்றுக்கு வந்ததும் அந்த முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வாரமே, கொல்லைகளில் மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றுக்குழிகளும் ஒவ்வொன்றாகக் குளிரில் விழுந்தன. "உங்க ஊத்துலேருந்துதான் எங்க ஊத்துக்கு ஒட்டிக்கிச்சு" என்று வேலிக்கு வேலி சண்டை நடந்தது. பங்குச் சாமியார் வராத வாரங்களில் செபம் நடத்துகிற உபதேசியார், ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் நோயாளிகளின் பெயர்களை வாசித்து முடித்ததும் "எங்கள் பெரிய கிணற்றுக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டார், மக்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எப்போதும்போலச் சொன்னார்கள். மீன் யாவாரிகள் கிணற்றுக்குக் குளிர் வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, மீன் கூடைகளைக் கொண்டுவந்து சுவரோடு அணைத்து வைத்தார்கள், ஐஸ் இல்லாமலே சீலா மீனும் பாறை மீனும் விறைத்துக் கிடந்தன. சூடேறும் நேரத்தைத் தெரிந்துகொண்ட தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூட்டிவந்தார்கள். இப்படி ஒரு மாதத்துக்குள் ஊர் தன் வேலைகளையெல்லாம் கிணறுகளின் காய்ச்சலுக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொண்டது, அப்படி மாற்றிக்கொண்டோம் என்பதையும் மறந்துபோனது.

ஆட்களுக்கும் காய்ச்சல் இருந்தது. ஆனால் அது மழைக்குப் பின்னால் புல் முளைப்பதுபோல வருஷாவருஷம் வருவது. வீட்டுக்கொருவர் கட்டிலில் கிடந்து உதறினார்கள், எழுந்தார்கள், கடலுக்குப் போனார்கள், மறுபடி விழுந்தார்கள். மாத்திரையை மூன்று நாள் போட்டுவிட்டு, உடம்பு தேறியதும் மிச்சத்தைக் கூரைச் செத்தையில் செருகிவைத்தார்கள். அது யாருக்கும் பேச்சாகவே இல்லை. கிணற்றுக்கு வந்ததுதான் பேச்சு.

தெக்லா அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த இரண்டாவது மழைக்காலத்தில், போன வருஷம், ஏழு மாதக் கர்ப்பத்தில், அந்தக் குளிர் அவளைப் பிடித்தது. வயிற்றுக்குள்ளிருந்த பிள்ளையும் சேர்ந்து நடுங்குவதை அவள் உணர்ந்தாள், அந்த நடுக்கத்தின் முடிவில் பிள்ளை காலத்துக்கு முன்னே வெளியே வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பெண்பிள்ளை. பிழைக்காது என்று தெரிந்ததும் உபதேசியார் பெரிய கிணற்றுக்கு ஓடி, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அதன் நெற்றியில் மூன்று முறை ஊற்றி, அவசரத்தில் வாயில் வந்த ஆரோக்கியம் என்ற பெயரை இட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது. தாயின் கையைத் தவிர அந்தப் பிள்ளையைத் தொட்டது பெரிய கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான் என்பதால், அதற்குப் பின் தெக்லா வீட்டு ஊற்றை விட்டுவிட்டு, தினமும் கோயில்வரை நடந்து அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள். ஏனென்று கஸ்பாருக்குத் தெரியும், அவன் கேட்டதில்லை. இப்போது அவள் வயிற்றில் மறுபடியும் ஐந்து மாதம்.

செவ்வாய்க்கிழமைப் படகில் மலேரியா ஹமீது சார் வந்தார். மலேரியா என்பது அவர் பார்க்கிற வேலை, ஆனால் ஊர் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டிருந்தது. கிணறுகளை மூடுங்கள், கொசுப்புழு தின்கிற மீனை அதில் விடுங்கள், வலைக்குள் படுங்கள், மாத்திரையை முடியுங்கள் என்று பல வருஷங்களாகச் சொல்லிவந்தவர். ஊர் அவரை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி, அவர் படகு மறைந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த கொசுவலைகளில் ஊரார் சென்னாக்கூனி அரித்தார்கள். அந்தப் பொடி இறால் நழுவாத அளவுக்கு நெருக்கமான கண் வேறெந்த வலைக்கும் இல்லை. ஹமீது சார் அதையும் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று அவர் பெரிய கிணறு நடுங்குவதைப் பார்த்தார். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, நோயாளி தூங்கி எழட்டும் என்று காத்திருப்பவரைப்போல, குளிரும் சூடும் வியர்வையும் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு நீளக் கைப்பிடி வைத்த வெள்ளை அகப்பையை இறக்கித் தண்ணீர் மொண்டு, சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார். தண்ணீரின் தோலோடு ஒட்டிப் படுத்தபடி பொடிப்பொடியாகப் புழுக்கள் கிடந்தன, நிழல் விழுந்ததும் வெடுக்கென்று விலகின.

"இதுதான் கொசுவாப் பறக்கிறது. காய்ச்சல்காரரைக் கடிச்ச வாயோட நல்லா இருக்கிறவரைக் கடிச்சா, அவரும் படுக்கவேண்டியதுதான். நான் புதுசா ஒண்ணும் சொல்லல" என்றார்.

தெக்லா அகப்பைக்குள் குனிந்து பார்த்தாள். "போன வருஷமும் இதுக்குள்ள இருந்துச்சா, சார்?"

ஹமீது சார் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "இருந்துச்சு, தங்கச்சி."

அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தன் பிள்ளைக்குப் பெயர் கொடுத்த தண்ணீரும் அதன் உயிரைக் கொண்டுபோன கொசுவும் ஒரே குழியிலிருந்து வந்தவை என்பது அவளுக்குச் சோற்றில் கல்லாக இருந்தது, துப்பவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அதன்பின் அவள் பெரிய கிணற்றின் பக்கமே போகவில்லை. கஸ்பார் கடலிலிருந்து வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான், ஆண்பிள்ளை தண்ணீர் சுமப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்து அவனும் சிரித்துவைத்தான். முறைநாட்களில் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் உருளை அடித்துக்கொள்கிற சத்தம் வீட்டுவரை கேட்கும். தெக்லா கதவைச் சாத்திக்கொள்வாள்.

அடுத்த வாரத்தில் ஒரு பகல், கிணற்றின் உருளை கடகடவென்ற அதே நொடியில் தெக்லாவின் முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறியது. அவளுக்கு அந்த விருந்தாளியைத் தெரியும். கதவைத் தட்டிவிட்டு வராதவன், நேரே உள்ளே வந்து உட்காருபவன். கஸ்பார் இருந்த கம்பளியைப் போர்த்தினான், அதன்மேல் படகின் பாயைப் போர்த்தினான், அதன்மேல் அவளைத் தானே அணைத்துப் பிடித்துக்கொண்டான், கட்டில் கால்கள் தரையில் தாளம் போட்டன. தூரத்தில் கிணறும் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது, இங்கே நிற்கும்போது அங்கேயும் நின்றது, இங்கே உதறும்போது அங்கேயும் உதறியது.

"பிள்ள... பிள்ள அசையுதா பாருங்க" என்றாள்.

கஸ்பார் கையை வைத்துப் பார்த்தான். "அசையுது. நல்லா உதைக்குது. நீ பயப்படாத."

பிறகு தெக்லா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அதுக்கும் ஒண்ணு போர்த்திட்டு வாங்க."

"எதுக்கு?"

"கிணத்துக்கு. எனக்காவது நீங்க இருக்கீங்க. அது தனியாக் கெடந்து நடுங்குது. அதுவா கேட்டுச்சு, புழு வந்து குடியிருன்னு?"

காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்தாலும் கஸ்பார் மதலேனாளைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு எழுந்தான். போர்த்த வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை. படகில் கிடந்த கொசுவலையை எடுத்து, அதிலிருந்த சென்னாக்கூனியை உதறி, கடல்நீரில் அலசி, பெரிய கிணற்றின் வாயில் விரித்தான்; விரித்தால் போதாது, காற்று தூக்கிவிடும் என்று தெரிந்தவனாதலால், விளிம்புக்குக் கீழே கயிற்றைச் சுற்றி, வலைக்காரன் போடும் முடிச்சாகப் போட்டு, ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கினான். கிணறு இரண்டுமுறை விசும்பிவிட்டு அடங்கியது. வீட்டில் தெக்லாவுக்கும் வியர்த்தது.

மறுநாள் காலையில் வலையின் உட்பக்கம் கறுத்துக் கிடந்தது. இரவில் கிணற்றுக்குள் பிறந்த கொசுக்கள் அத்தனையும் மேலே வந்து, வழி கிடைக்காமல், வலையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் ஊர்த்தலைவர் ராயப்பு ஆட்களோடு மணல்கூடைகளைச் சுமந்துகொண்டு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவர் தம்பி மகன் அக்கரை ஆஸ்பத்திரியில் மூளைக்கு ஏறிய காய்ச்சலோடு கிடந்தான், அந்தப் பையனின் தாய் ராத்திரியெல்லாம் அழுததைக் கேட்டவர். கிணறுதான் காரணமென்றால் கிணறே வேண்டாம், தூர்த்துவிடுவோம், படகில் தண்ணீர் கொண்டுவந்து குடித்துக்கொள்வோம் என்று முடிவெடுத்துவிட்டிருந்தார்.

முந்தின நாள் குளிரில் உருக்குலைந்து கிடந்த தெக்லா, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது முதல் கூடை விளிம்பில் ஏறியிருந்தது.

"மாமா, கூடைய இறக்குங்க."

"தெக்லா, உனக்கு வந்ததுக்கு நீதான் முதல் கூடை கொட்டணும். நீ வந்து மறிக்கிறியா?"

"கொட்டத்தான் நானும் நெனச்சேன். ஒரு வாரமா இது முகத்துல முழிக்காம இருந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உங்க தம்பி மகனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மண்ண அள்ளியா போட்டீங்க? அக்கரைக்குத் தூக்கிட்டுத்தான ஓடுனீங்க? இதுக்கும் காய்ச்சல்தான் மாமா. சீக்கு வந்ததுக்கு வைத்தியம் பாக்காமப் புதைக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

கஸ்பார் போட்டிருந்த முடிச்சை ராயப்பு விரலால் தடவிப் பார்த்தார். வலையின் உட்பக்கத்தில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு கூடைக்காரர்களைப் பார்த்து, "இந்த மணலக் கொண்டுபோய் பள்ளிக்கூடத்துக்கிட்ட தண்ணி நிக்கிற பள்ளத்துல கொட்டுங்கடா" என்றார். அந்தப் பள்ளத்தைத் தூர்க்கச் சொல்லி ஹமீது சார் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அப்படித்தான் ஆலாத்திட்டு கிணறுகளுக்குப் பணிவிடை செய்யத் தொடங்கியது. படகுகளில் கிடந்த கொசுவலைகளெல்லாம் கரைக்கு வந்தன. மீன் பிடிக்கிற கைகள் அவற்றை வெட்டி, ஒவ்வொரு ஊற்றின் வாய்க்கும் அளவெடுத்து, வாளி இறங்க நடுவில் சுருக்குப் போட்டுத் தைத்தன, யாருடைய முடிச்சு இறுக்கம் என்று போட்டி நடந்தது. ஹமீது சார் பிளாஸ்டிக் குடத்தில் விரல்நகமளவு மீன்களைக் கொண்டுவந்தபோது, மீனைக் கண்டால் குழம்பை நினைக்கிற அந்த ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதுல ஒரு குழம்பு வைக்க எத்தன குடம் வேணும் சார்?"

"இது நீங்க திங்கிற மீன் இல்ல. உங்களுக்காகத் திங்கிற மீன்" என்றார் ஹமீது சார்.

துணையில்லாமல் கிடக்கிற நோயாளிக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று எல்லோரும் தங்கள் ஊற்றில் நான்கைந்தை விட்டுக்கொண்டார்கள். பணிவிடை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய ஆலாத்திட்டுக்கு வராது. கூரைச் செத்தையில் செருகியிருந்த மாத்திரைகள் இறங்கின. "கிணறே பத்தியம் காக்குது, நீ மாத்திரையத் துப்புறியா?" என்று மனைவிகள் கணவர்களின் வாயைப் பிடித்துத் திறந்து பார்த்தார்கள். வலை கொஞ்சம் மிஞ்சியவர்கள், கிணற்றுக்குப் போர்த்திவிட்டு நாம் சும்மா கிடப்பானேன் என்று அதற்குள் தாங்களும் படுத்தார்கள். மூளைக்காய்ச்சலோடு கிடந்த ராயப்புவின் தம்பி மகன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான் என்று அக்கரையிலிருந்து சேதி வந்தது.

தெக்லாவின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த ஹமீது சார், அவளைப் படகில் அக்கரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். காய்ச்சலை அடக்க மாத்திரை கிடைத்தது. ஆனால் ஈரலுக்குள் பதுங்கித் தூங்குகிற காய்ச்சலை வேரோடு எடுக்கிற மாத்திரையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "பிள்ளை பிறந்து, அதுக்கு ஆறு மாசம் ஆகட்டும். அதுவரைக்கும் வாரவாரம் இதைப் போடணும், கொசு கடிக்காம இருக்கணும்" என்றார். திரும்பிவரும்போது தெக்லா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தனக்குள் ஒரு பிள்ளை விழித்திருக்கிறது, ஒரு காய்ச்சல் தூங்குகிறது, இரண்டையும் ஒரே வயிற்றில் சுமக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரத்திலிருந்து மாத்திரை நாளை அவள் மறந்தாலும் ஊர் மறக்கவில்லை, கடற்கரையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "தெக்லா, போட்டியா?" என்று கேட்டார்கள், குட்மார்னிங் சொல்வதற்குப் பதிலாக.

மார்கழி முடிவதற்குள் ஊற்றுகள் ஒவ்வொன்றாகத் தேறின. பெரிய கிணறும் தெளிந்தது. முறைநாட்கள் வந்தன, போயின, உருளை அசையவில்லை. மீன் யாவாரிகள் முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் ஐஸ் வாங்கப் போனார்கள்.

தை மாதம் செபஸ்தியார் திருவிழா வந்தது. அக்கரையிலிருந்து படகு படகாக ஜனம் வரும், பெரிய கிணற்றுத் தண்ணீரைப் புனித நீராகப் பாட்டிலில் கொண்டுபோகும். "கிணத்துக்குச் சேலை கட்டுன ஊருன்னு சிரிப்பாங்க, அதான் தேறிடுச்சே" என்று விழாக்கமிட்டி பேசியது. ராயப்புவும் தலையாட்டினார். தெக்லா அவர் வீட்டுக்கே போய், "தேறுன மாதிரிதான் மாமா இருக்கும், உள்ள தூங்கும்" என்று சொல்லிப் பார்த்தாள். "ஒரு வாரந்தானம்மா, விழா முடிஞ்சதும் கட்டிருவோம்" என்றார். வலை அவிழ்ந்தது. வாளிகள் இறங்கி இறங்கி, மீன்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயின.

திருவிழாவன்று பகலில், சப்பரம் கோயிலைச் சுற்றி வந்து பெரிய கிணற்றைத் தாண்டுகிற இடத்தில், கிணறு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு முன்னெப்போதும் நடுங்காத அளவுக்கு நடுங்கியது. கோயில் மணி தானாக அடித்தது, பேண்டுக்காரர்களின் மேளம் கோல் படாமலே அதிர்ந்தது, சப்பரத்தைச் சுமந்தவர்கள் அதை மணலில் இறக்கிவிட்டார்கள். கூட்டத்தில் நின்ற தெக்லா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவளுக்கு ஏழாம் மாதம். அந்த விருந்தாளி வருகிற வழி அவளுக்குத் தெரியும், இடுப்பிலிருந்து ஏறுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கஸ்பாரும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இடுப்பில் எதுவும் ஏறவில்லை. வெயில்தான் முதுகில் இளஞ்சூடாக அடித்தது. பிள்ளை ஒருமுறை புரண்டு படுத்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் கண்ணைத் திறந்து. "வாங்க, அதைப் போய்ப் பாப்போம்."

அவர்களுக்கு முன்னால் ராயப்பு போய்விட்டிருந்தார். விழாவுக்கென்று தோளில் போட்டிருந்த சரிகைத் துண்டை எடுத்துக் கிணற்றின் வாயில் விரித்தார். அது பாதிகூட எட்டவில்லை. மதலேனாள் தன் புதுச் சேலையின் மேல் போட்டிருந்த சால்வையைப் போட்டாள், பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டார்கள், சாமியார் பூசைக்கு மேலே போட்டிருந்த பொன்னிறப் போர்வையைக் கழற்றிக் கொடுத்தார். அக்கரையிலிருந்து வந்த ஜனம், இந்தக் கோயிலின் வழக்கம் இதுபோலும் என்று எண்ணி, யாரும் சொல்லாமலே வரிசையாக வந்து துண்டும் தாவணியும் குழந்தையின் துணியுமாகப் போட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு போனார்கள். கிணறு அத்தனை நிறங்களுக்கும் அடியில் கிடந்து உதறி உதறி ஓய்கிறவரைக்கும், சப்பரத்துச் செபஸ்தியார் உடம்பில் அம்புகளோடு மணலில் பொறுமையாக நின்றார், அவரைச் சுற்றி ஒருவரும் சாப்பிடக்கூடப் போகவில்லை.

வியர்வை அரும்பியதும் ராயப்பு வலையைக் கொண்டுவரச் சொன்னார். "அவுத்தது நான். நானே கட்டுறேன்" என்றார். கட்டிவிட்டு, முடிச்சு சரியா என்று தெக்லாவை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பின் அந்த வலை எந்த விழாவுக்கும் அவிழவில்லை. பங்குனி முடிவில் தெக்லாவுக்கு வலி கண்டு, ராயப்புவின் படகில் அக்கரைக்குப் போய், மாதம் நிறைந்த பெண்பிள்ளையைப் பெற்றாள். பிறந்ததும் அது போட்ட சத்தத்தில் டாக்டரம்மா ஒரு அடி பின்வாங்கினார் என்று கஸ்பார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தாயின் ரத்தத்தையும் பிள்ளையின் ரத்தத்தையும் பார்த்தார்கள், இரண்டும் சுத்தமாக இருந்தன. அமலோற்பவம் என்று பெயர் வைத்தார்கள். ஆரோக்கியம் என்ற பெயரை அவளுக்குக் கொடுக்கலாமே என்று உபதேசியார் கேட்டபோது, "அது மூத்தவளோட பேரு, அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் தெக்லா. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் அவள் அந்த மாத்திரைகளைத் தொடங்கினாள், பதினாலு நாளும் ஒரு நாள் தவறாமல் மதலேனாள் முன்னால் நின்று விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அடுத்த மழை வந்தது, போனது. கார்த்திகை பிறந்தது. பகல் நேரங்களில் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, தண்ணீர் எடுக்கப் போனவர்களெல்லாம் போகிறபோக்கில் சுவரில் ஒரு கையை வைத்துப் பார்த்தார்கள். கல் கல்லாகவே இருந்தது. ஹமீது சார் வீடு வீடாகப் போய் விரல்களில் குத்தினார், அக்கரைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார், ஒரு துளி ரத்தத்திலும் காய்ச்சல் இல்லை, செவ்வாய்க்கிழமைப் படகில் சும்மா கையை வீசிக்கொண்டு வந்து, ஒரு வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில், கோயில் மணிக்கூண்டுக்குப் பூச்சு வேலை செய்ய இருளப்பன் என்ற கொத்தனார் வந்தார். எங்கோ வடக்கே காட்டுப்பக்கத்தில் அணைவேலை பார்த்துவிட்டு வந்தவர். மூன்றாம் நாள் பகலில் சாரத்தின் மேலிருந்து கரண்டி நழுவி விழுந்தது; இருளப்பன் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பற்கள் அடித்துக்கொள்ள, இறங்க முடியாமல் நின்றார். கஸ்பாரும் இன்னும் இரண்டு பேருமாக ஏறி அவரை இறக்கினார்கள். அதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் ஓடிவந்தார்கள். சிலர் அவரைக் கோயில் வராந்தாவில் கிடத்திக் கம்பளி போர்த்தி, அதன்மேல் கொசுவலையைக் கட்டினார்கள், ஒருத்தி ஹமீது சாருக்குப் போன் போட்டாள், மற்றவர்களெல்லாம் பெரிய கிணற்றுக்கும் ஊற்றுகளுக்கும் ஓடி, எங்காவது முடிச்சு தளர்ந்திருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா, மீன்கள் இருக்கின்றனவா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். தெக்லா இடுப்பில் பிள்ளையோடு நின்று பெரிய கிணற்றின் வலைக்குமேல் இன்னொரு வலையை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் நடுக்கத்துக்கிடையே தலையைத் தூக்கி இந்தக் கூத்தைப் பார்த்தார். "ஏம்மா, காய்ச்சல் எனக்கு. எல்லாரும் கிணத்துக்கு ஓடுறீங்களே?"

தெக்லா கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு மாத்திரை படகுல வந்துக்கிட்டிருக்கு, அண்ணே. கிணத்துக்கு நாங்கதான இருக்கோம்" என்றாள். பிறகு வராந்தாவுக்கு வந்து, பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, அவர் காலடியில் விலகியிருந்த வலையைப் பாய்க்கு அடியில் செருகினாள்.